வங்கத்தின் ஆறுகளும் நாமும்

வேற்று நாட்டில் குடியேறி வாழ்பவர் அந்நாட்டின் மொழியைக் கற்கின்றனர், கடைவீதியை அறிகின்றனர், பண்டிகைகளிலும் பங்கு கொள்கின்றனர். ஆனால் அந்நாட்டின் ஆறுகளை அறிந்துகொள்வதில் மட்டும் நாம் அத்துணை அக்கறை காட்டுவதில்லை. கொல்கத்தாவில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும், காவிரி குடகில் பிறக்கிறது, பவானியும் நொய்யலும் அமராவதியும் அதில் கலக்கின்றன என்று பாட்டியிடம் கேட்ட பாடத்தைத் தடையின்றி ஒப்புவிக்கும். “உன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆற்றின் தண்ணீர்?” என்று கேட்டால், “கங்கை” என்று கூறி நின்றுவிடும். அவ்விடை தவறன்று, ஆனால் அது பாதி விடையே. கங்கை நீர் நம் நகருக்கு எவ்வாறு வந்து சேர்கிறது, வழியில் யார் யார் அதற்குத் துணை செய்கின்றனர், வராமற்போனால் என்ன நேரும் என்பனவெல்லாம் மறுபாதி. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கு வங்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இமயமலையையும் கடலையும் ஒருங்கே தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம் இந்தியாவில் இஃது ஒன்றே. ஆகவே இங்குள்ள ஆறுகளும் பலவகைப்பட்டவை. வடக்கே பனிமலையில் பிறந்து பாய்ந்து வருவன சில. மேற்கே சோட்டா நாகபுரிப் பீடபூமியில் பிறந்து மழையை நம்பி ஓடுவன சில. நடுவே கங்கையிலிருந்து பிரிந்து வருவன சில. தெற்கே மலையையும் அறியாமல், பனியையும் அறியாமல், கடலின் ஏற்றவற்றத்தாலேயே உயிர்வாழ்வன சில. இவற்றுள் பெரும்பாலானவற்றின் நன்மை தீமைகள் ஏதோ ஒரு வழியில் கொல்கத்தாவின் வாயிலுக்கு வந்து சேர்கின்றன.

தாயாறும் கிளையாறும்

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பவானி காவிரிக்குத் துணையாறு. தான் கொண்டுவந்த நீரைக் காவிரியிடம் கொடுத்துவிட்டு அது மறைந்துவிடுகிறது. குடமுருட்டியும் அரசலாறும் கிளையாறுகள். அவை காவிரியிடம் நீரைப் பெற்றுக்கொண்டு வயல்களை நோக்கிப் போகின்றன. கொடுப்பது துணையாறு, பெறுவது கிளையாறு.

நம் வீட்டருகே ஓடும் ஹுக்ளி, கங்கையின் கிளையாறு. கங்கை வங்க எல்லைக்குள் நுழைந்து சிறிது தொலைவு சென்றதும், முர்ஷிதாபாத் மாவட்டத்தின் வடபகுதியில் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி பத்மா என்னும் பெயருடன் கிழக்கே வங்காளதேசத்தை நோக்கிச் செல்கிறது. சிறுபகுதி பாகீரதி என்னும் பெயருடன் தெற்கே திரும்புகிறது. நவத்வீபத்தின் அருகே ஜலங்கி ஆறு வந்து கலந்த பின்னர் பாகீரதிக்கு ஹுக்ளி என்று பெயர். இன்னும் கீழே ராணாகாட் வழியாக வரும் சூர்ணியும் இதில் சேர்கிறது. ஜலங்கியும், சூர்ணிக்கு நீர் தரும் மாதாபாங்காவும், பத்மாவிலிருந்தே பிரிந்து வருகின்றன. ஆகவே இம்மூன்றையும் ஒரு தாயின் மூன்று மக்கள் எனலாம். இவற்றை ‘நதியா ஆறுகள்’ என்று பழைய பொறியாளர்கள் ஒன்றாகவே குறிப்பிட்டனர்.

திரிவேணி என்றதும் நமக்குப் பிரயாகை நினைவுக்கு வரும். ஹுக்ளி மாவட்டத்திலும் ஒரு திரிவேணி உண்டு. பிரயாகையில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. இங்கே மூன்றாகப் பிரிகின்றன. ஆதலால் முன்னதை யுக்தவேணி என்றும் பின்னதை முக்தவேணி என்றும் வங்காளிகள் அழைப்பர். பின்னிய கூந்தல் ஒன்று, அவிழ்ந்த கூந்தல் ஒன்று! இங்கே பிரிந்த மூன்றனுள் நடுவே செல்வது பாகீரதி, மேற்கே சரஸ்வதி, கிழக்கே ஜமுனா. சரஸ்வதியின் கரையில் இருந்த சப்தகிராமம் ஒரு காலத்தில் வங்கத்தின் தலையாய துறைமுகம். 16-ஆம் நூற்றாண்டில் அவ்வாறு வண்டல் படிந்து தூர்ந்தது, கப்பல்கள் வரவில்லை, வணிகர் இடம் மாறினர், நகரம் அழிந்தது. சப்தகிராமம் சாய்ந்ததனாலேயே ஹுக்ளியும், பின்னர் கொல்கத்தாவும் எழுந்தன. ஆறு திசை மாறினால் நகரமும் வாழாது என்பதற்கு நம் பூம்புகாரைப் போல இங்கும் சான்றுகள் பல உள.

நம் நகருக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. காளிகாட் கோயிலின் பின்புறம், கறுத்த நீருடன் தேங்கிக் கிடக்கும் கால்வாயை நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறோம். அதுவே ஆதிகங்கை. பழங்காலத்தில் காளிகாட், டாலிகஞ்சு, காரியா, பாருய்பூர் வழியாகக் கடலுக்குச் சென்ற கங்கையின் பழைய தடம் அது என்பது மரபு. தூர்ந்துபோன அத்தடத்தை வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயர் 1770-களில் வெட்டிச் சீர்ப்படுத்தினார். டாலிகஞ்சு என்னும் பெயரும் அவரால் வந்தது. இன்றோ, மெட்ரோ ரயில் பாதையைத் தாங்கும் தூண்கள் அவ்வாற்றின் நடுவிலேயே வரிசையாக நிற்கின்றன. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்விடம் நடைத் தொலைவுதான். ஓர் ஆறு எப்படி இறக்கும் என்பதைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

ரயில் பாதையில் காணும் ஆறுகள்

சென்னையிலிருந்து ஹௌராவுக்கு வரும் ரயிலில் பலமுறை பிரயாணம் செய்தவர்கள் நாம். விஜயவாடாவில் கிருஷ்ணை, ராஜமுந்திரியில் கோதாவரி, கட்டாக்கில் மகாநதி ஆகியவற்றைக் கண்டு, பிள்ளைகளைச் சன்னலருகே அழைத்துக் காசு போடச் சொல்லுகிறோம். அதன் பின் கரக்பூர் வந்ததும் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறோம். உண்மையில் வங்கத்தின் மேற்கத்திய ஆறுகளை முறையாகக் காணும் நேரம் அதுவே.

ஒரிசா எல்லையில் ஜலேசுவரத்தின் அருகே கடப்பது சுவர்ணரேகா. ‘பொற்கோடு’ என்று பொருள்படும். ராஞ்சிக்கு அருகே பிறக்கும் இவ்வாற்றின் மணலை அரித்துப் பொன் துகள் எடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. பொன்னி என்று காவிரியைப் போற்றும் நமக்கு இப்பெயர் இனிக்காமலிராது.

கரக்பூரைத் தாண்டி, பான்ஸ்குராவுக்குச் சற்று முன் வருவது கங்சாபதி. ‘கசாய்’ என்பது மக்கள் வழக்கு. கீராய் அருகே இதன் கரையில் குளிர்காலத்தில் செவந்தியும் சாமந்தியும் கண்ணுக்கெட்டிய தூரம் பூத்திருக்கும். ஹௌரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்கு இப்பகுதியிலிருந்து பூ வருகிறது. நம் வீட்டு வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நாம் வாங்கும் மாலையில் கங்சாபதியின் ஈரம் இருக்கிறது என்றால் மிகையன்று. இவ்வாறு கேலேகாய் என்னும் ஆற்றுடன் கூடி ஹல்தி என்னும் பெயருடன் ஹுக்ளியில் விழுமிடத்தில்தான் ஹல்தியா துறைமுகம் இருக்கிறது.

அடுத்து, கோலாகாட்டில் அகன்ற நீர்ப்பரப்பாகக் காட்சி தருவது ரூபநாராயண். பாங்குராவின் பக்கமிருந்து வரும் துவாரகேசுவரும், காட்டால் வழியாக வரும் சிலாபதியும் கூடியதே இவ்வாறு. இதன் இலிஷ் மீனுக்கு வங்காளிகள் உயிரையே கொடுப்பர். நம் கடற்கரையில் உல்லம் எனப்படுவது அதுவே. இதன் கரையிலுள்ள தம்லுக் என்னும் ஊரே பழைய தாமிரலிப்தி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாகியான் அங்கிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். அத்துறைமுகமும் வண்டலால் மாண்டதே.

இறுதியாக, பாக்னானைக் கடந்ததும் வருவது தாமோதர். அதனைப் பற்றித் தனியே பேச வேண்டும்.

ரயில் பாதைக்கு வடக்கே உள்ள அஜயையும் மயூராட்சியையும் ஒரு வரியில் விட்டுவிடுதல் முறையாகாது. நம் பஜனை மடங்களில் பாடப்பெறும் அஷ்டபதியை இயற்றிய ஜெயதேவர் பிறந்த ஊர், அஜய் ஆற்றங்கரையிலுள்ள கெந்துளி என்பது வங்கத்தாரின் மரபு. ஒரிசாவினரும் அவரைத் தம்மவர் என்பர். நாம் பொங்கல் வைக்கும் நாளில்தான் கெந்துளியில் பாவுல் பாடகர்களின் திருவிழா கூடுகிறது. அதே நாளில்தான் ஹுக்ளி கடலோடு கலக்கும் கங்காசாகரில் இலட்சக்கணக்கானோர் நீராடுகின்றனர். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1023-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை வந்து வென்றதாக மெய்க்கீர்த்தி கூறும் தக்கணலாடமும் உத்திரலாடமும் இம்மேற்கத்திய ஆறுகள் பாயும் ராட நாடேயாகும். அன்று தமிழர் இவ்வாறுகளைப் படையுடன் கடந்து கங்கை நீரைக் கொண்டு சென்றனர். இன்று நாம் பிழைப்பை நாடி வந்து, அந்நீரை இங்கேயே இருந்து பருகுகின்றோம்.

தாமோதரின் கதை

தாமோதருக்கு ‘வங்கத்தின் துயரம்’ என்று ஒரு பெயர் இருந்தது. கோடையில் மணலாகக் கிடக்கும். ஆடி ஆவணியில் கரை புரளும். 1943-ஆம் ஆண்டு ஜூலையில் பர்த்வான் அருகே அதன் கரை உடைந்தது. ஊர்கள் மூழ்கின, பெருஞ்சாலையும் ரயில் பாதையும் அறுபட்டன, போர்க் காலத்தில், பஞ்சம் தலைகாட்டிய அதே ஆண்டில், வடஇந்தியாவிலிருந்து கொல்கத்தாவுக்கு வரும் வழி அடைபட்டது. அதன் விளைவாகவே, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1948-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பஞ்சேத் (1959) என அணைகள் எழுந்தன. துர்காபூரில் 1955-இல் கதவணை கட்டப்பெற்றது.

இவ்வணைகளால் வெள்ளம் அடியோடு நின்றுவிடவில்லை. திட்டத்தில் இருந்த அணைகள் எல்லாம் கட்டப்பெறவுமில்லை. கட்டியவற்றிலும் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்து வருகிறது. 1978-இலும், அண்மையில் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் கீழ்த் தாமோதர்ப் பகுதிகள் மூழ்கின. சிலாபதிக் கரையிலுள்ள காட்டால் மக்களோ, மழைக்காலத்தில் வீதியில் படகு ஓட்டும் நிலையை இன்னும் கடந்தபாடில்லை.

இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. தாமோதரும் ரூபநாராயணும் ஹுக்ளியில் விழும் இடத்திற்குச் சமீபமாக ஒரு மணல் திட்டு இருக்கிறது. 1694-இல் அங்கு முழுகிய கப்பலின் பெயரால் அதற்கு ‘ஜேம்ஸ் அண்டு மேரி’ என்று பெயர். மாலுமிகளுக்கு அது நெடுங்காலம் எமனாக இருந்தது. கடல் ஓதம் நாள்தோறும் இருமுறை ஹுக்ளிக்குள் மணலை ஏற்றுகிறது. அம்மணலைத் திரும்பக் கடலுக்குத் தள்ளும் வேலையை ஆண்டுதோறும் செய்து வந்தது யார்? மேற்கத்திய ஆறுகளின் மழைக்கால வெள்ளமே. ஊரை அழித்த வெள்ளந்தான் துறைமுகத்தைக் காத்தது! வெள்ளத்தை அணையில் அடக்கினால் துறைமுகம் தூர்ந்துபோகும் என்று கபில் பட்டாச்சார்யா என்னும் வங்கப் பொறியாளர் அக்காலத்திலேயே எச்சரித்தார். கேட்டவர் சிலர், அவரைத் தூற்றியவர் பலர். ஓர் ஆற்றில் செய்த நன்மை இன்னோர் ஆற்றில் குறையாக முளைப்பதுண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

முக்கொம்பும் பராக்காவும்

இனித் தலைவாயிலில் என்ன நடந்தது என்று காண்போம். இதனைத் தமிழர் புரிந்துகொள்வது எளிது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் தாழ்ந்தும் நேராகவும் செல்வது. ஆகவே நீரெல்லாம் அதன் வழியே ஓட, காவிரி மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். தஞ்சை தழைத்தது.

வங்கத்திலும் அதே நோய். பத்மா கொள்ளிடம் போல நீரையெல்லாம் ஈர்த்துக்கொண்டது. பாகீரதியின் வாய் மணலால் அடைபட்டு, கோடை மாதங்களில் கங்கையோடு தொடர்பே அற்றுப்போயிற்று. முக்கொம்பில் கண்ட அதே காட்டன், கங்கையின் குறுக்கே அணை கட்டிப் பாகீரதிக்கு நீர் திருப்பலாம் என்று 1850-களிலேயே கருத்துரைத்தார். அது நிறைவேற ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மேலிருந்து நன்னீர் வராததால் ஹுக்ளியில் உப்பு ஏறியது. நகரத்தின் குடிநீரே கரித்தது. கப்பல்கள் வரத் தயங்கின. 1961-இல் தொடங்கிய பராக்கா கதவணை 1975-ஆம் ஆண்டு ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 2¼ கிலோமீட்டர். அங்கிருந்து 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வினாடிக்கு 40,000 கன அடி வரை நீரைக் கொண்டுவந்து பாகீரதியில் சேர்க்கும் வண்ணம் அமைக்கப்பெற்றது.

நம் குழாயில் வரும் தண்ணீர் இன்று கரிக்காமலிருப்பதற்குக் காரணம் இக்கால்வாயே. ஆனால் நன்மையோடு தீமையும் வந்தது. துறைமுகத்தின் ஆழம் எதிர்பார்த்த அளவு கூடவில்லை; பெருங்கப்பல்கள் 1977-இல் திறக்கப்பெற்ற ஹல்தியாவை நாடின. கதவணைக்கு மேலே கங்கை கரையை அரித்து, மால்டா மாவட்டத்தின் பஞ்சானந்தபூர் போன்ற ஊர்களை விழுங்கியது; வீடும் வயலும் இழந்தோர் பல்லாயிரவர். இலிஷ் மீன் கதவணையைத் தாண்டி மேலே செல்ல இயலாமற்போயிற்று. எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்து உழவரும் கோடை நீரின்றி வருந்தினர். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் இருநாடுகளும் 30 ஆண்டு காலத்துக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பராக்காவை அடையும் நீர் 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சரிபாதி என்பது அதன் அடிப்படை விதி. காவிரிக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய நமக்கு, நீரைப் பங்கிடும் வேதனை புதிதன்று.

முக்கொம்பும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் காட்டன் கட்டிய அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. எத்துணைப் பெரிய அணையாயினும், இடையறாத கவனிப்பு இல்லையேல் நில்லாது.

வடக்கும் தெற்கும்

வடக்கே டீஸ்டா, ஜல்டாகா, தோர்சா, ராய்டாக் ஆகியவை பிரமபுத்திரையைச் சேர்வன. மகாநந்தா கங்கையைச் சேர்வது. இவற்றின் குணம் வேறு. 1787-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் டீஸ்டா தன் பழைய வழியை விட்டுக் கிழக்கே திரும்பி, கங்கையை மறந்து பிரமபுத்திரையை அடைந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், சிக்கிமில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து, சுங்தாங் அணையை ஒரே இரவில் உருக்குலைத்து, வங்கம் வரை சேறும் மரமும் பிணமுமாகப் பாய்ந்தது. மலையாறு இன்னும் இளமை மாறாதது. அதன் கரையில் வீடு கட்டுவோர் இதனை மறவாதிருத்தல் நலம்.

தெற்கே சுந்தரவனத்தில் மாத்லா, தாகுரான், ராய்மங்கல் முதலிய பேராறுகள் உள்ளன. பெயர்தான் ஆறு, மேலிருந்து நன்னீர் பெரும்பாலும் வருவதில்லை, கடல்நீரே ஏறி இறங்குகிறது. மாத்லாவின் கரையில், கொல்கத்தாவுக்குப் போட்டியாக ஆங்கிலேயர் கானிங் துறைமுகத்தை நிறுவினர். ‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்த ஹென்றி பிடிங்டன், அவ்விடம் புயலுக்கு இரையாகும் என்று முன்னரே எழுதினார். 1867-ஆம் ஆண்டு வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. 2009-இல் ஐலாவும் 2020-இல் அம்பானும் அதே பாடத்தை மீண்டும் ஓதின.

நகருக்குக் கிழக்கே ஓடிய வித்யாதரி ஆறு, கழிவுநீரையும் வண்டலையும் தாங்கமாட்டாமல் 1928-இல் ‘இறந்த ஆறு’ என அரசாங்கத்தாலேயே அறிவிக்கப்பட்டது. அதன் பழைய சதுப்பு நிலத்தில், நகரின் கழிவுநீரையே உரமாகக் கொண்டு மீனும் காய்கறியும் விளைவிக்கும் கலையை அங்குள்ள உழவரும் மீனவரும் வளர்த்தனர். அந்நிலம் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகம் போற்றும் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. ஆறு இறந்த இடத்திலும் மக்கள் வாழ்வைக் கண்டெடுத்தனர்.

நாம் செய்யத்தக்கது

ஹுக்ளி தனக்கென்று ஊற்று இல்லாத ஆறு. வடக்கே தாயாறு கொடுக்க வேண்டும். மேற்கே துணையாறுகள் கொடுக்க வேண்டும். தெற்கே கடல் வந்து போக வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் அது மெலியும். இத்தகைய ஆற்றை நம்பியே ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் நாமும் இருக்கின்றோம். இங்கு சம்பாதித்து, இங்கு பிள்ளைகளை வளர்த்து, இந்நீரைக் குடித்துக்கொண்டு, “இது வங்காளிகளின் ஆறு, அவர்கள் பார்த்துக்கொள்வர்” என்று இருத்தல் நன்றியாகாது.

நாம் செய்யக்கூடியவை சிறியனவே. அடுத்த முறை ஊருக்குச் சென்று திரும்புகையில், கரக்பூரைத் தாண்டியதும் பிள்ளைகளைச் சன்னலருகே அமர்த்தி, கங்சாபதி, ரூபநாராயண், தாமோதர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுவோம். தமிழ் வகுப்புகளில் காவிரியின் படத்தைத் தீட்டும் குழந்தைகள், அதற்குப் பக்கத்திலேயே பாகீரதியின் படத்தையும் தீட்டட்டும். முக்கொம்பையும் பராக்காவையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காளிகாட்டுக்குச் செல்லும்போது, தேங்காய் மட்டையும் வாடிய மாலையும் நிறைந்த பையை ஆதிகங்கையில் எறியாமல் திரும்பக் கொணர்வோம். ஆடிப் பதினெட்டில் காவிரியை நினைத்துச் சித்திரான்னம் படைக்கும் இல்லத்தரசியர், அன்று குழாயைத் திறந்து நிறைத்த குடத்துக்கும் ஒரு பொட்டு வைப்பாராக. அக்குடத்தில் இருப்பது, இமயத்தில் பிறந்து, பராக்காவில் திரும்பி, நவத்வீபத்தில் ஜலங்கியைச் சேர்த்துக்கொண்டு நம்மை நாடி வந்த நீர். அதற்கும் நாம் பிள்ளைகளே.